கடைசிச் சைக்கிள்

வரிசையில் கடைசிச் சைக்கிள் என்னுடையது.
மஞ்சள் மேலாடை, முதுகுப் பையில்
ஒட்டுத்துண்டு, பசை, காற்றுப் பம்பு,
இழுப்புக்காரி ஒருத்தியின் நீலக் குழல்.
முன்னால் மிஸ்டர் ஹெஸ்லொப் வழி காட்டுவார்.
நான் முதுகுகளை எண்ணுவேன். பதினேழு.

முகங்கள் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பும்.
முதுகுகள் காலையிலேயே பழகிவிடும்:
ஹசீபின் பையில் தொங்கும் பிளாஸ்டிக் வாத்து,
எப்போதும் இடப்பக்கம் சரியும் டாம்சின்,
ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிக்கும் இட்ரிஸ்,
வீதியோடு பழைய கோபம் ஏதோ உள்ளவன் போல.

நியூகாசிலின் மேற்கு வீதி ஏறிக்கொண்டே போகிறது.
கறிக்கடை, கைபேசி திருத்தும் கடை, பல் வைத்தியர்.
இந்தத் தாருக்கு அடியில்
ரோமரின் மதில் படுத்திருக்கிறதாம்.
பேருந்து ஒன்று மதிலின் மேல் நின்று
தள்ளுவண்டியோடு ஒரு தாயை இறக்கிவிட்டுப் போனது.

பயணத்தாளில் 'பழங்கோவில்கள்' என்று
பன்மையில் போட்டிருந்தது.
முதலில் கிடைத்தது பள்ளத்தைக் கடக்க ஒரு வாசல்;
அடிக்கற்கள் மட்டும், சுற்றிவர வீடுகள்.
"இது கோவிலா?" என்றாள் டாம்சின்.
இல்லை, வாசல்.
"எதற்குள் போக?"
மிஸ்டர் ஹெஸ்லொப் தாளைப் பார்த்தார்.

அங்கேதான் இட்ரிஸின் சங்கிலி கழன்றது.
மற்றவர்கள் போய்விட்டார்கள்.
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
பல்லோடு கண்ணி பொருத்தினேன்.
பத்து விரலும் கரி, துடைக்க ஒன்றுமில்லை.
அப்போதுதான் அவன் முகத்தைக் கண்டேன்:
மேலுதட்டில் பூனைமயிர், கண்ணில் அவசரம்.
"தவறவிட்டுவிட்டோமா, மிஸ்?"
ஆயிரத்தெண்ணூறு வருடம் இருந்த சாமி
ஐந்து நிமிடம் பொறுக்கும் என்றேன்.

கோவில் ஒரு குடியிருப்புத் தெருவில்,
இரண்டு வீட்டுக்கு நடுவே,
பல் விழுந்த இடம் மாதிரி.
அன்று குப்பை எடுக்கும் நாள்.
தொட்டிகள் வரிசையாகக் காவல் நின்றன.
வேலிக்குப் பின்னால் இடுப்புக்கும் வராத சுவர்,
ஒரு முனை மட்டும் அரைவட்டம்.
கர்ப்பக்கிருகம் என்று வாய் தானாகச் சொன்னது.
நல்லவேளை, தமிழில்.

சாமியின் பெயர் அன்டெனோசிட்டிகஸ்.
வேறெங்கும் அவருக்குக் கோவில் இருந்ததாகத் தெரியாதாம்.
பிள்ளைகள் அரை நிமிடத்தில் அதை
'அன்டன்' ஆக்கிவிட்டார்கள்.
மன்னாரில் அதே பெயரில் எனக்கொரு மச்சான்,
லொறி ஓட்டுகிறான்.

பலிபீடங்கள் நகல்தான், அசல் நூதனசாலையில்.
ஆனாலும் யாரோ அதில் ஒரு பத்துப் பென்ஸும்
பாதி உருகிய ஜெலி இனிப்பும் வைத்திருந்தார்கள்.
ஹசீப் இனிப்பைப் பார்த்தான்.
நான் ஹசீபைப் பார்த்தேன்.

வெறும் தொட்டியை உருட்டியபடி
பக்கத்து வீட்டு மொரீன் வந்தாள்.
முப்பது வருடமாக அயல், கரைச்சலே இல்லாத மனுசன்,
அந்தப் பக்கத்து வீட்டில்தான்
டிரம் அடிக்கிறார்கள் என்றாள்.
பதினேழு போத்தலிலும் தண்ணீர் நிரப்பினாள்.
என்னுடையதைக் கேட்க எனக்குக் கூச்சம்.

குனிந்து எழும்பையில் பீடத்தில் கை ஊன்றிவிட்டேன்.
அதன் நெற்றியில் என் கட்டைவிரல்:
சங்கிலி மை, கறுப்புப் பொட்டு.
துடைக்கத் துடைக்கப் பரவியது.
இட்ரிஸ் பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு தன் சங்கிலியில் விரலைத் தேய்த்து
என் பொட்டுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தான்.
கண்டிக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.
தலைக்கவசத்தை இறுக்கு என்றேன்.

பின்னேரம் இறக்கம், நகரம், நூதனசாலை.
விளக்கின் கீழே அன்டனின் தலை.
பெரிய கண்கள், புரளும் மயிர், கழுத்தில் வளையம்.
பிள்ளைகள் நெருக்கியடித்து முன்னால் நின்றார்கள்.
எனக்கு வழக்கம்போல முதுகுகள்.
எண்ணினேன், பதினேழு.
அவற்றுக்கு மேலாக அது ஒன்றுதான்
என் பக்கம் திரும்பியிருந்தது.

கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.