நரை, இரண்டு பிக்சல்

மத்திய வீதியில் சைக்கிள் கடைக்கு மேலே
எங்கள் கணினிக்கு இரண்டு பேர்.
காலை எட்டிலிருந்து நான்.
மாலை ஐந்தரைக்குப் பிறகு முஃபாஸ்,
கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருகிறவன்.
நாற்காலியின் உயரத்தை வைத்துத்தான்
ஆளை எனக்குத் தெரியும்.

விடிந்தால் முதல் வேலை
அவன் குலைத்துவைத்த பிரஷ்களைச் சரிக்கட்டுவது.
விளிம்பை நூறு வீதத்தில் கூராக்கியிருப்பான்.
எனக்கு இருபது போதும்,
மூக்கின் நிழல் கன்னத்தில் கரைய வேண்டும்.
ஒபாசிட்டியை உச்சத்தில் விட்டிருப்பான்,
ஒரே இழுவையில் முடித்துவிடுகிற அவசரம்.
நான் பன்னிரண்டில் வைத்துப்
பத்துத் தரம் தடவுகிறவள்.

கோபத்தில் ஒருநாள்
என்னுடையதையெல்லாம் தனியே சேமித்தேன்.
பெயர் கேட்டது.
‘தொடாதே 1’
‘தொடாதே 2’
‘தொடாதே 3 பாஸ்போட் பரு’.
மறுநாள் பட்டியலின் அடியில்
நான் வைக்காத ஒன்று:
‘தொடவில்லை’.
திறந்து இழுத்துப் பார்த்தேன்.
தாடியின் ஓரத்துக்கென்றே செய்த பிரஷ்.
நல்ல பிரஷ்.
அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆவணியில்
சம்பூரிலிருந்து நாகபூரணி வந்தா.
பொலித்தீன் பைக்குள் இரண்டு படம்.
ஒன்று அவவுடையது, போன மாதத்தது.
மற்றது அவருடையது,
அடையாள அட்டைக்கு எடுத்தது, முப்பத்தொரு வயது.
இரண்டையும் ஒன்றாக்கி
மகளின் கலியாண மண்டப வாசலில் வைக்க வேண்டுமாம்.
‘மாலை போட வேண்டாம் பிள்ளை.
விளக்கும் வேண்டாம்.’

தோளோடு தோள் சேர்த்தேன்.
வெளிச்சத்தை ஒரே பக்கமாக்கினேன்.
திரையைப் பார்த்தவ
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.
‘மகன் மாதிரியெல்லோ நிக்கிறார்.
கொஞ்சம் நரை போடுங்கோ.’

எங்கே தொடங்க என்று கேட்டேன்.
‘அவற்றை தகப்பனுக்குக் காதடியிலதான்.’

அளவு இரண்டு பிக்சல்.
இடைவெளி ஒன்று.
பென்னை அழுத்தினால் தடிக்கும், தூக்கினால் நுனி மெலியும்.
நிறம் வெள்ளையில்லை, வெள்ளை பொய் சொல்லும்.
சாம்பலில் ஒரு துளி மஞ்சள்.
சிதறலை ஐம்பதுக்கு ஏற்றி விட்டேன்,
தலை முழுக்க ஒரே நாளில் நரைத்து
நாடகக்காரன் மாதிரி ஆகிவிட்டார்.
நரை அப்படி வராது.
ஒரு கடனுக்கு இரண்டு மயிர்,
பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட கிழமைக்கு ஒன்று,
காரணமே இல்லாமல் சில.
திரும்ப அழித்து, கையால்,
ஒவ்வொன்றாக.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தக் கத்தச் சேமித்துவிட்டு
யன்னலால் எட்டிப் பார்த்தேன்.
நாங்கள் அடித்த போஸ்டரை
மதிலிலிருந்து உரித்து
மான் ஒன்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது.
மணமகள் பெயர் போய்
மணமகன் பெயரில் பாதி.

காலையில் நாற்காலி உயர்ந்திருந்தது.
பிரஷ்கள் குலையாமல் இருந்தன.
அடியில் புதிதாக ஒன்று:
‘நரை காதடி மெல்ல அழுத்து’.
விளிம்பு இருபது,
ஒபாசிட்டி பன்னிரண்டு.
என் கணக்கில் அவன் செய்தது.
முகத்தில் கை வைக்கவில்லை.
தனி லேயரில் மட்டும்
கண்ணோரத்துக்கு மூன்று சுருக்கம்.
லேயரின் பெயர் ‘வேண்டாமென்றால் அழி’.
ஒன்றை அழித்தேன்.
இரண்டை விட்டேன்.

படத்தை வாங்கிய நாகபூரணி
கண்ணைப் பார்க்கவில்லை, சிரிப்பைப் பார்க்கவில்லை,
நேரே காதடிக்குப் போனா.
‘ஓம். இப்பிடித்தான் வந்திருக்கும்.’
பிறகு சில்லறையை இரண்டு தரம் எண்ணித் தந்தா.

அன்று பின்னேரம் உப்புவெளியிலிருந்து ஒருவர்,
பேச்சுக்காலுக்கு அனுப்பப் படம்.
வயது நாற்பத்திரண்டு, சொன்னது முப்பத்தெட்டு.
‘தங்கச்சி, இந்தக் காதடி வெள்ளையை மட்டும்…’
இழுத்தார்.

அதே பிரஷ்தான்.
எக்ஸ் விசையை ஒருதரம் தட்டினேன்.
பின்னால் இருந்த கறுப்பு
முன்னுக்கு வந்தது.