மழையில்லாத நாளில் வைப்பர்

திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஓடுகிறது.
வலது கை இன்னும் சோமாவில் இருக்கிறது,
ரொட்டி வண்டியின் சிக்னலைத் தேடிக்கொண்டு.
அங்கே பதினோரு வருடம் சாலையின் இடப்பக்கம் ஓட்டியவள்,
ஒஹாயோவின் வறண்ட நவம்பரில்
வெறும் கண்ணாடியைக் கரகரவென்று வழித்தபடி
வளைவுகளைக் கடக்கிறேன்.
இப்படி ஒரு கார் இந்த ஊரில் என்னுடையதுதான்.

என்னுடையது இல்லை, லொரேட்டாவுடையது.

லொரேட்டா வேய்னின் அம்மா.
செவ்வாய், வியாழன், சனி
விடியற்காலை ஐந்தரைக்கு அவளுக்கு டயாலிசிஸ்.
வேய்ன் இரவு ஷிப்டில் கண்ணாடி வார்க்கிறான்,
ஏழு மணிக்குத்தான் விடுவார்கள்.
எங்கள் சாலைக்கு பஸ் கிடையாது.
ஆகவே நான்.

லைசென்ஸ் இருக்கிறது என்னிடம்.
அதில் எனக்கு இருபத்துநான்கு வயது.
பின்னிய இறுக்கத்தில் புருவம் மேலேறி
எதற்கோ வியந்தவள் போலிருக்கிறேன்.
இது இங்கே செல்லுமா?
அறுபது நாள் என்றான் வேய்னின் நண்பன்.
ஒரு வருடம் என்றாள் தேவாலயத்தில் காபி ஊற்றுகிறவள்.
கவுன்ட்டரில் இருந்த பெண்ணோ
ஒப்புதல் கடிதம் எங்கே என்றாள்.
அதற்குத்தான் காத்திருக்கிறேன் என்றேன்.
வந்ததும் வாருங்கள் என்றாள், மிகவும் அன்பாக.
நான் நடந்து வந்திருப்பதாக நினைத்திருப்பாள்.

பதினான்கு மாதம்.
வழக்கு எண்ணைத் தட்டினால் தினமும் ஒரே வாக்கியம்:
விண்ணப்பம் பெற்றுக்கொள்ளப்பட்டது.
கிணறுகூடக் கல்லைப் பெற்றுக்கொள்ளும்.
குறைந்தது அது ஒரு சத்தமாவது போடும்.

அன்று சனிக்கிழமை. சோளம் அறுத்த வயல்களுக்கு நடுவே
பின்கண்ணாடி முழுக்கச் சிவப்பும் நீலமும்.
"ரெண்டு கையும் ஸ்டியரிங் மேலே" என்றாள் லொரேட்டா,
பதினாறு வயது வேய்னிடம்
ஒருகாலத்தில் சொல்லியிருக்கக்கூடிய குரலில்.

டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தார் போலீஸ்காரர்.
மார்பில் சிமான்ஸ்கி என்று எழுதியிருந்தது.
"மழை பெய்கிறதா, அம்மா?"
வைப்பர் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

அட்டையைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.
"இது எந்த மாநிலம்?"
"நாடு" என்றேன்.

அதற்குள் லொரேட்டா கைப்பையைத் துழாவி
தன் லைசென்ஸை நீட்டிவிட்டாள்,
அவருக்கல்ல, அவர் நிற்காத ஜன்னலுக்கு.
சர்க்கரை தின்ற கண்கள்.
தட்டில் முட்டை இருப்பதை
மூக்கால்தான் கண்டுபிடிக்கிறாள்.
அவள் லைசென்ஸ் இன்னும் மூன்று வருடம் செல்லும்.
"இந்தக் காரில் ஒரு லைசென்ஸ் சரியாக இருக்கிறது,
எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் சிரித்தாரா, தெரியவில்லை.
இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு
தன் வண்டிக்குப் போனார்.

பின்கண்ணாடியில்
குனிந்த தலை, முகத்தில் திரையின் வெளிச்சம்,
ஒவ்வோர் எழுத்தாக அழுத்தும் விரல்.
என் பெயரை யாரோ தட்டச்சு செய்வதை
முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறேன்.
எங்கோ ஒரு கட்டடத்தில்
இப்படி ஒரு தலை குனியத்தானே
இத்தனை மாதமும் கிடந்தேன்.
லொரேட்டா முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
நேரமானால் அவள் நாற்காலியில்
வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

திரும்பி வந்தவர்
என் அட்டையை அவளிடமும்
அவள் அட்டையை என்னிடமும் கொடுத்தார்.
நாங்கள் யாரும் திருத்தவில்லை.
பின்விளக்கு ஒன்று எரியவில்லை, பத்து நாளில் மாற்றுங்கள்,
இது எச்சரிக்கை மட்டும்.
மற்றதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

மஞ்சள் காகிதம்.
முட்டிந்தா என்ற பெயர், ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.
எங்கள் வீட்டு எண். தேதி. கையெழுத்து.
இந்த நாடு எனக்கு
முழுதாக முடித்துக்கொடுத்த முதல் காகிதம்.
மடிக்க மனமில்லாமல்
டாஷ்போர்டின் மேல் நீளமாகப் பரப்பி வைத்தேன்.

ஓரத்திலிருந்து சாலைக்கு ஏற
சிக்னல் போட்டேன்.
கரக், கரக்.

"மழையா?" என்றாள் லொரேட்டா.

"லேசாக" என்றேன்.