வால்கொழுப்பில் ஒரு மாத்திரை

ஓஷ் ஆஸ்பத்திரியில்
என் ஈரலிலிருந்து எடுத்ததைக்
கண்ணாடிக் குடுவையில் வைத்துக் காட்டினார்கள்.
ஒரு வெள்ளைப் பை,
அதற்குள் தோலுரித்த திராட்சைகளாய்ச்
சின்னச் சின்னப் பைகள்.
பத்து வருடமாவது வளர்ந்திருக்கும்
என்றார் டாக்டர் அய்சால்கின்.
மூன்று பிள்ளைகளைச் சுமந்த வயிறு,
நான்காவதாய் இதையும்
யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறது.

நாய் என்னைக் கடித்ததே இல்லையே என்றேன்.
கடிக்க வேண்டாம், தடவினால் போதும் என்றார்.
ரோமத்தில் ஒட்டிய முட்டை
கண்ணுக்குத் தெரியாதாம்.
தடவிய கையோடு ரொட்டியைப் பிட்டால்
உள்ளே போய்க் குடியேறிவிடுமாம்,
வாடகை தராத குடித்தனக்காரன்போல.
பிள்ளைகளையும் ஸ்கேன் எடுக்கக்
கூட்டிக்கொண்டு வா என்று
சீட்டில் மூன்று பெயரையும் எழுதினார்.
அப்போதுதான் அழுதேன்.

பஸ் அலாய்க்கு ஏறுகிற வழியெல்லாம்
ஒவ்வொரு பள்ளத்திலும் தையல் இழுக்க
ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன்.
அறுத்த ஆட்டின் நுரையீரலில்
நீர்க்கொப்புளம் கண்டால்
நமக்கு ஆகாது என்று
நாய்க்கு எறிந்தது யார்?
நான்தான்.
பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இந்தா" என்று.
அது தின்றது. அதன் குடலில் புழு.
புழுவின் முட்டை புல்லில்.
புல் ஆட்டில்.
ஆடு மறுபடி என் கத்தியில்.

வீட்டில் மமத்கதிர்
துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
அக்தோஷ் அவன் காலடியிலேயே
வாலாட்டியபடி படுத்திருந்தது.
எண்ணெய் வாசனை வந்தால்
வேட்டைக்கு என்று அதற்கு நினைப்பு.
ஓநாய் இறங்குகிற ராத்திரியில்
நீயா குரைக்கப்போகிறாய் என்று கேட்டேன்.
துப்பாக்கி சுவருக்குப் போனது.

அதன்பிறகு ஒவ்வொரு முதல் தேதியும்
ஆட்டு வால்கொழுப்பில் மாத்திரை.
முதல் மாதம் கொழுப்பை மட்டும் விழுங்கி
மாத்திரையை என் செருப்பில் துப்பியது.
அடுத்த மாதம் வாயைப் பொத்தி
மூக்கில் ஊதினேன்.
முறைத்துக்கொண்டே விழுங்கியது.
இரண்டு நாள் சங்கிலி.
அது போட்டதையெல்லாம்
மண்வாரியால் அள்ளி, எரித்து, புதைக்க வேண்டும்.
குழியை யார் வெட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள்.
வெளியில் சொன்னால்
மமத்கதிருக்குக் கோபம் வரும்.

ஷாமுரத் வீட்டு விருந்தன்று
அவனுடைய ஐந்து நாய்களும்
வட்டமாய் உட்கார்ந்திருந்தன.
அவன் கையில் கொப்புளம் கொப்புளமாய்
ஒரு நுரையீரல்.
எனக்குக் கொடு என்றேன்.
பங்கு கேட்கிறாள் என்று நினைத்துப்
பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.
"உன் வெட்கத்தையும் சேர்த்து
அறுத்துவிட்டார்களா ஆஸ்பத்திரியில்?"
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், தழும்பு வலித்தது.
வாளியை நீட்டிக்கொண்டே நின்றேன்.
தேநீர் ஆறியது.
நாய்கள் என்னையும் அவனையும்
மாறி மாறிப் பார்த்தன.
கடைசியில் எறிந்தான்.
பாதி வாளியில், பாதி என் பாவாடையில்.
வேகவைத்து, பாறைக்குப் பின்னால்
இடுப்பளவு குழியில் போட்டு
மேலே கல்லை உருட்டி வைத்தேன்.
முழங்கை ஆழம் போதாது,
நாய்க்குத் தோண்டத் தெரியும்.

இன்று ராத்திரி பனி.
அக்தோஷ் மடியில் தலை வைக்கிறது.
காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுகிறேன்,
அதை மட்டும் விட முடியவில்லை.
பிறகு எழுந்து கெண்டியைச் சாய்த்து
சோப்புப் போட்டு
நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவி
அப்புறம்தான் மாவைத் தொடுகிறேன்.
தண்ணீர் எலும்பைக் குடைகிறது.

விடிந்தால் முதல் தேதி.
நேற்று ஷாமுரத்தின் மனைவி ஜிபர்கான்
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
கசக்குமா என்று கேட்டாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
வால்கொழுப்பை
ஆறு துண்டாய் நறுக்கி வைத்திருக்கிறேன்.