முண்டக்கண்ணன்

ஆனி மாசம் வந்தான்.
கட்டைவிரல் உயரம், ரப்பர் உடம்பு,
பிரிக்கும்வரை நிறம் தெரியாது.
உறை இருபது ரூபாய்.

பள்ளி விட்டால் வில்லாபுரமே என் கடையில்.
ஊதா மட்டும் யாருக்கும் விழவில்லை.
ஊதாவுக்கு சைக்கிளையே தருவதாகச் சொன்னான்
ஜெனிட்டா டீச்சர் மகன்.
ஏட்டு காசிமாயன், மகளுக்காம்,
காக்கிச்சட்டையோடு வரிசையில் நின்றார்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா?
செயினை அடகு வைத்து
கீழமாசி வீதியில் நாற்பது பெட்டி எடுத்தேன்.
ஷேர் ஆட்டோக்காரன் மூணு ஆள் காசு கேட்டான்,
பேரம் பேசாமல் கொடுத்தேன்.

சரக்கு இறங்கிய சனிக்கிழமை
வாசலில் ஒரு செருப்பு இல்லை.
"அதெல்லாம் இப்ப யாருக்கா வச்சு விளையாடுறா"
என்றான் அதே பையன்.
இருபது, பத்தானது.
பிறகு பேனா வாங்கினால் இலவசம்.
பேனா மட்டும் போதும் என்றார்கள்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ராத்திரிகளில் நானே கிழிக்கிறேன்.
பச்சை. பச்சை. மஞ்சள்.
வட்டி கட்ட வேண்டிய தேதி.
பச்சை.

நேற்று, ஊதா.
டியூப்லைட்டில் கறுப்பாகத்தான் தெரிந்தது.
செல்போன் வெளிச்சத்தில்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்னக்கா, இன்னும் சாத்தலையா?"
வெளியே ஏட்டின் பைக்.

கணக்கு நோட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு
"இந்தா, ஆச்சு" என்றேன்.