இரண்டு கிராம்

அண்டாசிபே காட்டில் மழை விட்ட இரவு.
தராசில் சுண்டெலி லெமூர்:
நாற்பத்து மூன்று.
வுவாஹிரானாவின் கட்டைவிரலைக் கடித்துவிட்டு
வாழைப்பழத் துண்டுக்குக் கை நீட்டுகிறது.
முகமெல்லாம் கண், கண்ணெல்லாம் பசி.

தலைவிளக்கில் வந்து மோதியது
வால்நட்சத்திர அந்து.
மஞ்சள் சிறகு, சாண் நீள வால்,
வாய் மட்டும் இல்லை.
புழுவாய் இருந்தபோது தின்றதை வைத்து
ஐந்து நாள் பறக்கும்.
இரண்டு கிராம்.

வெவ்வேறு மரம் பார்த்துத்தான் விட்டாள்.

விடியுமுன் பொறியில் மறுபடி அதே லெமூர்,
மீசையில் மஞ்சள் பொடி.
நாற்பத்தைந்து.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

நோட்டில் அந்துவின் வரியை
அடிக்க மனம் வரவில்லை அவளுக்கு.
பேனா மூடியைக் கடித்தபடி நின்றாள்.
நேற்று மதியத்திலிருந்து
அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை.