கிரீடத்தை வெட்டி எடுத்த நாள்

மழை பெய்தால் இன்னும் சோப்பு மணக்கும்
எங்கள் தறிக்கூடத்துச் சுவர்.
எங்களுக்கு முன்னால் இங்கே சோப்புக் காய்ச்சினார்களாம்.
காய்ச்சியவர்கள் போனார்கள், பெயர் போகவில்லை.
ராஜா வீட்டுக் கம்பளத்துக்கும் சோப்புக்கடைப் பெயர்தான்.

பதினோரு வயதில்
பாரிஸ் அனாதை விடுதியிலிருந்து
என்னையும் பாசில் தெருமோவையும் கூட்டிவந்தார்கள்.
"விரல் சிறிசு. நல்லது" என்றார் மேஸ்திரி.
எனக்கு வாய்த்தது கிரீடத்தின் இடது விளிம்பு.
பாவில் ஒரு முடிச்சு,
கத்திமுனைக் கம்பியில் ஒரு சுற்று,
வரிசை நிறைந்ததும் கம்பியை உருவு.
அறுந்த வளையங்கள் புல்லாய் நிமிரும்.
ஒரு நாள் உழைப்பு
கட்டைவிரல் அகலம்கூட வராது.

ராஜாவை நான் பார்த்ததில்லை.
அந்தக் கம்பளத்தை ராஜாவும் மிதித்ததில்லை என்று
பிற்பாடு தெரிந்தது.
சுருட்டி, மிளகு தூவி, உறை தைத்துக்
கிட்டங்கியில் போட்டார்கள்
இருபத்தாறு வருஷம்.

இப்போது திரும்பி வந்திருக்கிறது,
கூடவே ஒரு காகிதம்:
முடியாட்சிச் சின்னங்கள் யாவும் நீக்கப்படவேண்டும்.
குடிமகன் தெருமோ வாசித்துக் காட்டினான்.
(இப்போது எல்லாரும் குடிமகன்தான்.)
ஏழு மாசக் கூலிபாக்கி பற்றி
அதில் ஒரு வரியும் இல்லை.

விரித்தோம்.
நிறம் துளியும் வெளுக்கவில்லை,
வெயில் பட்டிருந்தால்தானே.
லில்லிப் பூக்களை பாசில் வெட்டினான், முணுமுணுத்தபடி.
கிரீடம் என் பங்கு.
இடது விளிம்பில் மூன்றாம் வரிசை,
மஞ்சள் இருக்கவேண்டிய இடத்தில்
ஊதாவாய் ஒரே ஒரு முடிச்சு.
பசியில் கண் சொருகிய ஏதோ ஒரு மாலை.
மேஸ்திரியின் பிரம்புக்கும் தப்பியிருக்கிறது.
கத்தரிக்கோல் அங்கே கொஞ்சம் நின்றது.
பிறகு வெட்டினேன்.

ஓட்டை விழுந்த இடத்தில்
கோதுமைக் கதிர் நெய்யச் சொன்னார்கள்.
வெளியே ரொட்டிக் கடை வரிசை
பாலம் வரைக்கும் நின்றது.
நாங்கள் கதிருக்கு
நல்ல மஞ்சளாய்ப் பார்த்துத் தேடினோம்.

வெட்டியதையெல்லாம் எரிக்கவேண்டும் என்பது உத்தரவு.
எரித்தோம்.
கம்பளி எரிந்தால்
மயிர் கருகும் நாற்றம்தான்,
அரச கம்பளி என்று அதற்குத் தெரியாது.
இடது விளிம்பை மட்டும்
சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

சிதோனி ஒன்றும் கேட்கவில்லை.
கட்டிலடியில், செங்கல் தரை சில்லிடும் இடத்தில்
விரித்துப் போட்டாள்.
விடியலில் எழுந்து அதன்மேல் கால் வைத்தாள்,
முதல் கால்.
"கதகதன்னு இருக்கு" என்றாள்.
பித்தவெடிப்பில் ஓரிழை சிக்கிக்கொண்டது.
சுவரைப் பிடித்தபடி
ஒற்றைக் காலில் நின்று
அதை எடுத்துக்கொண்டிருந்தாள்.

என்ன நிறம் என்று
நான் குனிந்து பார்க்கவில்லை.