வீடு மிதந்த பிப்ரவரி

எங்கள் வீட்டை அவிழ்த்துக்
கடலில் விட்டார்கள்.
எனக்கு ஏழு வயது. அக்கா எதித்தாவுக்கு ஒன்பது.

சிலோயே தீவில் இது அதிசயமில்லை.
இடம் பிடிக்காமல் போனால்
வீட்டையும் கூட்டிக்கொண்டு கிளம்புவோம் நாங்கள்.
அடியில் இரண்டு நெடுமரங்கள், பத்து ஜோடி எருதுகள்,
அக்கம்பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும்.
கூலி கிடையாது.
ஆட்டிறைச்சியும் ஆப்பிள் கள்ளும் உண்டு.

அடுப்பை அணைக்கச் சொன்னார் செலெதோனியோ.
"மாவு பொங்கி நிற்கிறது," என்றாள் அம்மா.
"வீடு கடலில் போகப்போகிறது, ஒத்திலியா."
"போகட்டும். ரொட்டிக்கு அது தெரிய வேண்டாம்."

அப்படித்தான்
புகைபோக்கியில் புகையோடு
ஓதநீரில் இறங்கியது வீடு.
முன்னால் இரண்டு விசைப்படகுகள் இழுக்க,
பின்னால் துடுப்புப் படகில் நாங்கள்.
அம்மா உட்காரவேயில்லை.
முழங்கைவரை மாவோடு நின்றபடி
வீட்டைத் திட்டிக்கொண்டே வந்தாள்:
மெதுவாகப் போ, சாயாதே,
எங்கே பார்த்துக்கொண்டு போகிறாய்.
ஒரு கூழைக்கடா கூரைமேல் உட்கார்ந்து
மறுகரைவரை ஓசியில் வந்தது.

கதவைத் திறந்தபோது
ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வெளுத்து,
அலை சாய்த்த பக்கமெல்லாம் சாய்ந்து
வெந்திருந்தது ரொட்டி.
இழுத்த நாற்பது பேருக்கும் பிய்த்துக் கொடுத்தாள்.
கருகிய ஓரம் எனக்கு. நான் கேட்டு வாங்கியது.

என் சின்ன வயதைப் பற்றிக் கேட்பவர்களிடம்
இதைத்தான் சொல்கிறேன்.
துக்கம் எதுவுமே இல்லையா என்கிறார்கள்.
இருந்தது. மழை.
வருடத்தில் முக்கால்வாசி மழை,
காயாத கம்பளிக் காலுறைகள்,
அடுப்புக் கம்பியில் அவை வேகிற நாற்றம்.
ஒருமுறை பன்றி செத்துப்போனது.
இன்னும் யோசித்துப் பார்க்கிறேன்.

புது இடத்தில் கொஞ்ச நாள்
அதே கதவைத் திறந்து, அதே படியில் இறங்கி,
கடலுக்கென்று ஓடிக்
காட்டுக்குள் போய் நின்றோம்.

வீட்டை இறக்கும்போது ஒரு சண்டை நடந்தது.
வாசல் சாலையைப் பார்க்கட்டும் என்றார்கள் ஆண்கள்.
சமையலறை ஜன்னல் அந்தச் சரிவைப் பார்க்கட்டும்
என்றாள் அம்மா.
அவிழ்த்த எருதுகளை மறுபடி பூட்டி
அரைவட்டம் திருப்பினார்கள்.
அப்பா இரண்டு நாள் பேசவில்லை.

அந்தச் சரிவில்தான் பள்ளிக்கூடத்துப் பாதை.
இதை நான் கண்டுபிடிக்க முப்பது வருடமாயிற்று,
அதுவும் எதித்தா தொலைபேசியில்
வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்ன பிறகு:
"அங்கிருந்து படகில் போவோமே, ஞாபகமில்லையா?
பனிமூட்டத்தில் நம்மைத் தெரியாது அவளுக்கு."

ஏன் இடம் மாறினோம் என்று
அம்மா இருந்தபோது கேட்டிருக்கிறேன்.
"அங்கே மண் சரியில்லை.
உருளைக்கிழங்கு பிடிக்காது," என்றாள்,
தோல் சீவுவதை நிறுத்தாமல்.

ஒவ்வொரு மார்ச்சிலும்
நானும் எதித்தாவும் அக்கரை போவோம்.
வீடு நின்ற சதுரத்தில்
யாரும் நடாமல் விளைந்து கிடக்கும்,
ஊதாவும் கறுப்புமாய், விரல் நீளத்துக்கு.
சாக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டுவோம்.
அவள் ஒன்றும் சொல்லாமல் கழுவி
உப்புப் போட்டு வேகவைப்பாள்.
இரண்டாம் முறையும் எடுத்துக்கொள்வாள்.